ஒரு பிடி மாவும் அன்றன்றைய அப்பமும்

குடும்ப வாழ்வில் எதிர்பாராமல் வந்தடையும் சிறு நன்மைகளைக் குறித்துச் சாட்சி பகர்வது நம் சபைகளில் நெடுநாளைய வழக்கம். வீட்டு ஜெபக் கூட்டங்களிலும், அறுப்பின் பண்டிகையிலும், ஆண்டிறுதி ஸ்தோத்திர ஆராதனையிலும் இவை தவறாமல் ஒலிக்கின்றன. பள்ளிக் கட்டணம் செலுத்தவேண்டிய கடைசி நாளில் என்றோ கொடுத்து மறந்த கடன் திரும்பி வந்தது. அரிசி தீர்ந்த மாலையில் ஊரிலிருந்து வந்த உறவினர் நெல்லோடு வந்து இறங்கினார். மருத்துவமனையில் வழியறியாது நின்றபோது முன்பின் அறியாத ஒருவர் உடனிருந்து உதவினார். இத்தகைய சாட்சிகளைக் கேட்டிராத போதகர் நம்மில் எவரும் இலர்.

இறையியல் கற்றோராகிய நாம் இவற்றை இரு வகையில் தவறாகக் கையாளக்கூடும். இவை தற்செயல் நிகழ்ச்சிகள் என்றும், கல்லாதாரின் எளிய பக்தி இவற்றிற்குத் தெய்வீக வண்ணம் பூசுகிறது என்றும் உள்ளத்தில் ஒதுக்கிவிடுவது ஒரு வகை. நம்பினால் கிடைக்கும், கிடைக்கவில்லையெனில் நம்பிக்கையில் குறை என்று இவற்றை ஒரு சூத்திரமாக்கிப் பிரசங்கிப்பது மற்றொரு வகை. முதலாவது, ஏழைக் குடும்பத்தின் நன்றியுணர்வை அவமதிக்கிறது. இரண்டாவது, அதே ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் வேறொரு குடும்பத்தை நொறுக்குகிறது. அவ்வீட்டிலும் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. ஆனால் கடன் திரும்பவில்லை, நெல் வரவில்லை, பிள்ளை பிழைக்கவில்லை. அடுத்த வீட்டாரின் சாட்சியைக் கேட்டு அக்குடும்பம் வீடு திரும்பும்போது எதை நம்பித் திரும்பும்? இவ்வினாவை எதிர்கொள்ளாத உபதேசம், நன்மை பெற்றவர்களுக்கும் முழுமையான உதவி செய்யாது.

ஆகவே, சிறு நன்மைகள் கடவுளை நம்பும் வாழ்வில் எவ்விடம் பெறுகின்றன என்பதைத் திருமறையின் சில பகுதிகளைக் கொண்டு ஆராய்வோம். அவை கடவுளின் தயவை அளக்கும் அளவுகோல் அல்ல. கொடுப்பவரை அன்றன்று நம்பக் கற்பிக்கும் பாடங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. அளந்து தரப்பட்ட மன்னா

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் முதலாவது கவனிக்கத்தக்கது, மன்னா யாருக்கு அருளப்பட்டது என்பதே. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரண்டாம் மாதம் பதினைந்தாம் நாளில் வனாந்தரத்தில் நின்ற மக்கள் ஜெபிக்கவில்லை, முறுமுறுத்தார்கள். எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களை நினைத்து ஏங்கினார்கள். அம்முறுமுறுப்பைக் கேட்டே கடவுள் மன்னாவை அருளினார் (16:12). எனவே மன்னா நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசு அன்று. நம்பத் தெரியாதவர்களுக்கு நம்பக் கற்பிக்க வந்த கொடை. கொடை முந்தியது, நம்பிக்கை பிந்தியது. 'நம்பினால் கிடைக்கும்' என்னும் சூத்திரம் இவ்வதிகாரத்தின் முன் நிற்கமாட்டாது.

இரண்டாவதாக, மன்னா கூடாரம் கூடாரமாக அளந்து தரப்பட்டது. ஒவ்வொருவரும் தம் கூடாரத்திலுள்ளோரின் எண்ணிக்கைப்படி தலைக்கு ஓர் ஓமர் வீதம் சேர்க்கவேண்டும் (16:16). ஓமர் என்பது எப்பாவில் பத்தில் ஒரு பங்கு (16:36). நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு லிட்டர். கடவுளின் பராமரிப்பு இங்குப் பொதுவான ஒரு தத்துவமாக அன்றி, ஒரு வீட்டில் எத்தனை வாய்கள் உண்டு என்று எண்ணிப் பார்க்கும் அக்கறையாக வெளிப்படுகிறது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. குறைவாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. இவ்வசனத்தையே பவுல் எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைக் குறித்துக் கொரிந்தியருக்கு எழுதும்போது எடுத்தாளுகிறார் (2 கொரி. 8:15). மன்னாவின் நியதி பகிர்தலின் நியதியும் ஆகும் என்பது அவர் கண்ட பொருள்.

மூன்றாவதாக, அது ஒரு நாளைக்கு மட்டுமே உரியது. மறுநாளுக்கென்று வைத்தது புழுத்து நாறிற்று (16:20). ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் சேர்த்த இரட்டைப் பங்கு மட்டும் கெடவில்லை (16:24). சேமிப்பு தவறு என்பது இதன் பொருள் அன்று; ஓய்வுநாளுக்கெனச் சேமிக்கக் கட்டளையிட்டவரும் அவரே. கொடுத்தவரை விட்டுக் கொடையின்மேல் சாயும் மனமே இங்குச் சோதிக்கப்படுகிறது. மன்னா ஒரு சோதனை என்று இப்பகுதியே கூறுகிறது (16:4). உபாகமமோ, அது தாழ்மையைக் கற்பிக்கவும் முடிவில் நன்மை செய்யவும் அருளப்பட்டது என விளக்குகிறது (உபா. 8:16).

நான்காவதாக, அதன் பெயரே ஒரு வினா. அதைக் கண்டபோது மக்கள் எபிரெயத்தில் 'மான் ஹூ' என்றனர், 'இது என்ன?' என்பது அதன் பொருள். மோசே விளக்கிய பின்னரே அது கர்த்தர் தந்த ஆகாரம் என அறிந்தனர் (16:15). நன்மை தானே தன்னை விளக்கிக்கொள்வதில்லை. பனியோடு தரையில் கிடப்பதைக் கண்டு இது இன்னாருடைய கொடை என்று சொல்லித்தர ஒருவர் தேவை. போதகரின் பணி இங்கே தொடங்குகிறது.

இறுதியாக, மன்னா நின்றுபோயிற்று. கில்காலில் பஸ்காவை ஆசரித்துக் கானானின் விளைச்சலை உண்ட மறுநாளில் அது ஓய்ந்தது (யோசுவா 5:12). நாற்பது ஆண்டுகள் காலைதோறும் கண்ட அற்புதம் நின்றதைச் சிலர் இழப்பாகக் கருதியிருக்கலாம். ஆனால் கொடுப்பவர் நின்றுவிடவில்லை. கொடுக்கும் வழி மாறிற்று. இனி உழவும் மழையும் அறுப்பும் அவருடைய கரங்கள். அசாதாரணமானதில் மட்டும் கடவுளைத் தேடுவோர், மாதச் சம்பளத்திலும் வயல் விளைச்சலிலும் அவரைக் காணத் தவறுவர்.

2. சாறிபாத் ஊரின் பானை

1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம் மழையற்ற காலத்தில் ஓர் ஏழை வீட்டிற்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. சாறிபாத், தீருவுக்கும் சீதோனுக்கும் இடையே கடற்கரையில் இருந்த பெனிக்கியர் ஊர். லெபனோனில் இன்றைய சரபந்த் அருகே 1969 முதல் 1974 வரை நடைபெற்ற அகழாய்வில், குயவர் பகுதியும் பல சூளைகளும் வெளிப்பட்டன. பானைகளும் கலயங்களும் சுட்ட ஊரில், ஒரு விதவையின் பானையில் ஒரு பிடி மாவே எஞ்சியிருந்தது. அந்நாடு யேசபேலின் தகப்பனாகிய ஏத்பாகாலின் நாடு. மழையின் தேவனென்று பாகாலை வணங்கிய நாடு. அங்கே, உடன்படிக்கைக்குப் புறம்பான, பெயர்கூடக் குறிக்கப்படாத ஒரு தாயிடம் எலியா அனுப்பப்படுகிறார்.

அவள் இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தானும் மகனும் கடைசி உணவை உண்டு சாகப்போவதாகக் கூறினாள். எலியா முதலாவது தமக்கு ஓர் அடை கேட்டார். இக்கேள்வி நமக்குக் கடினமாகவே தோன்றும். இதைக் காட்டி ஏழைகளிடம் காணிக்கை வற்புறுத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். எலியா இங்கே செழித்திருக்கும் ஊழியர் அல்லர்; கேரீத் ஆறு வற்றியதால் பசியோடு வந்த அகதி. ஏழை ஒருவரும் ஏழை ஒருத்தியும் தம் வெறுமையைப் பகிர்ந்துகொண்டனர்.

அற்புதத்தின் தன்மையைக் கூர்ந்து நோக்கவேண்டும். பானை நிரம்பிற்று என்று வசனம் கூறவில்லை. மா செலவழிந்து போகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை என்றே கூறுகிறது (17:16). களஞ்சியம் கட்டப்படவில்லை, வியாபாரம் பெருகவில்லை. காலைதோறும் அத்தாய் பானைக்குள் கையிட்டபோது, ஒரு பிடியேனும் அங்கிருந்தது. நாளைக்கு இருக்குமா என்பதைப் பானையைப் பார்த்து அறிய அவளுக்கு வழியில்லை; வாக்களித்தவரை நம்பியே அறியவேண்டும். நம் சபைகளில் பெரும்பாலான குடும்பங்கள், குறிப்பாக அன்றாடங்காய்ச்சிகளின் குடும்பங்கள், இவ்வாறே வாழ்கின்றன. பெருஞ்செல்வம் அவர்கள் சாட்சியில் இல்லை. ஆனால் ஒரு பிடி தீராதிருந்ததை அவர்கள் அறிவார்கள்.

இப்பகுதியைப் பிரசங்கிப்போர் பதினாறாம் வசனத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். திருமறையோ அங்கு நிற்கவில்லை. பதினேழாம் வசனத்தில் அவ்வீட்டுப் பிள்ளை நோயுற்று மூச்சற்றுப்போனான். மா குறையாத அதே வீட்டில், தீர்க்கதரிசி தங்கியிருந்த அதே வீட்டில், மரணம் நுழைந்தது. சிறு நன்மைகள் பெருந்துன்பத்திற்கு எதிரான காப்பீடு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

அத்தாய் எலியாவைக் கடிந்தாள். தன் அக்கிரமத்தை நினைப்பூட்டவோ வந்தீர் என்றாள். துன்பத்தைத் தன் பாவத்தோடு இணைத்துப் பார்க்கும் உள்ளத்தின் அலறல் அது. எலியா செய்ததும் செய்யாததும் ஆயர் ஒவ்வொருவரும் சிந்திக்கத்தக்கவை. இத்தனை நாள் மா குறையாதிருந்ததே, அதற்கு நன்றி சொல் என்று அவர் கூறவில்லை. உன் பாவமே காரணம் என்றும் கூறவில்லை. அவளுடைய மடியிலிருந்து பிள்ளையை வாங்கி, தாம் தங்கியிருந்த மேல்வீட்டிற்குச் சுமந்து சென்று, தம் கட்டிலில் கிடத்தி, அவளுடைய குற்றச்சாட்டையே தம் ஜெபமாக்கிக் கடவுளிடம் முறையிட்டார் (17:20). பிள்ளை உயிர் பெற்ற பின்னரே, 'இப்பொழுது அறிந்தேன்' என்னும் கருத்துப்பட அவள் அறிக்கையிடுகிறாள் (17:24). அந்த அறிவு மா நிறைந்த நாட்களில் முழுமை பெறவில்லை. துக்கத்தைத் தன்னோடு சுமந்த ஒருவர் வழியாகவே முழுமை பெற்றது.

நம் ஆண்டவர் நாசரேத்து ஜெப ஆலயத்தில் இவ்விதவையை நினைவுகூர்ந்தார். அக்காலத்தில் இஸ்ரவேலில் அநேகம் விதவைகள் இருந்தும், அவர்களில் ஒருத்தியிடத்திலும் எலியா அனுப்பப்படவில்லை என்றார் (லூக். 4:25, 26). அந்த அநேகரின் வீடுகளில் பானை வெறுமையாகவே இருந்திருக்கும். அவர்களிடம் விசுவாசம் இல்லை என்று ஆண்டவர் கூறவில்லை என்பதைக் குறித்துக்கொள்வோம். தெரிந்தெடுக்கப்பட்டோர் என்னும் பெருமையை உடைப்பதே அவர் நோக்கம். நன்மை பெற்ற வீடு பெறாத வீட்டை நியாயந்தீர்க்க இங்கு இடமில்லை.

3. தற்செயலும் மனிதரின் கையும்

எதிர்பாராத நன்மைகள் எவ்வழியாக வருகின்றன? ரூத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது. மோவாபிலிருந்து வந்த ரூத் கதிர் பொறுக்கச் சென்ற வயல் போவாசுடையதாய் அமைந்தது தற்செயல் என்றே ஆசிரியர் எழுதுகிறார் (ரூத் 2:3). எபிரெயத்தில் 'மிக்ரே' என்னும் சொல், நேர்ந்த நிகழ்ச்சியைக் குறிக்கும். கடவுள் அவளை அவ்வயலுக்கு நடத்தினார் என்று நேரடியாகக் கூற ஆசிரியர் விரையவில்லை. தற்செயல் என்று சொல்லிவிட்டு, கதை முழுவதையும் வாசிப்போர் அதன் பின்னணியில் ஒரு கரத்தைக் காணுமாறு விட்டுவிடுகிறார். இப்பொறுமையை நாமும் கற்கவேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அப்பொழுதே கடவுளின் செயலென முத்திரையிடுவது நம்பிக்கை ஆகாது. அது அவசரமாகவும் இருக்கக்கூடும்.

ரூத் பொறுக்கிய கதிருக்குப் பின்னால் இரு காரியங்கள் இருந்தன. ஒன்று, சட்டம். வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (லேவி. 19:9, 10, 23:22). மற்றொன்று, சட்டத்திற்கு மேற்பட்ட இரக்கம். அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்திவிடுமாறு போவாஸ் தன் வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான் (2:16). மாலையில் ரூத் ஏறக்குறைய ஓர் எப்பா வாற்கோதுமையோடு வீடு திரும்பியபோது, தன்னை மாராள் என்று அழைக்கச் சொன்ன நகோமியின் நாவில் முதன்முறையாக ஆசீர்வாதம் பிறந்தது (2:19, 20). கசந்துபோன ஒரு தாயின் உள்ளத்தை மீண்டும் திறந்தது பெரிய தரிசனம் அன்று; ஒரு நாள் உழைப்பின் தானியமும், அதில் மறைந்திருந்த ஒருவரின் தயவும் ஆகும்.

எலிசாவின் காலத்து விதவையின் நிகழ்ச்சியும் இவ்வாறே (2 இராஜா. 4:1–7). கடன்கொடுத்தவன் அவளுடைய இரு குமாரரை அடிமைகளாக்க வந்தான். எண்ணெய் ஊற்றப்பட வெறும் பாத்திரங்கள் தேவைப்பட்டன. அவை அயலாரிடமிருந்து இரவல் வாங்கப்பட்டன. பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெய் நின்றது. முதலில் கடனைத் தீர்க்கவும், மீந்ததைக் கொண்டு பிள்ளைகளோடு ஜீவனம் பண்ணவும் தீர்க்கதரிசி கூறினார். கந்துவட்டியால் குடும்பங்கள் சிதைவதைக் கண்டுவரும் நமக்கு இந்நிகழ்ச்சி தொலைவானதன்று. தமிழ்நாட்டில் மிதமிஞ்சிய வட்டி வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2003இல் இயற்றப்பட்ட பின்னும் அக்கொடுமை முற்றும் ஒழியவில்லை. அற்புதத்தைப் பிரசங்கிக்கும் நாம், கடன் கொடுத்தவன் பிள்ளைகளைப் பிடிக்க வந்த அநீதியையும் சேர்த்தே பிரசங்கிக்கவேண்டும்.

இவ்விரு பகுதிகளும் கூறுவது யாதெனில், கடவுளின் சிறு நன்மைகள் பெரும்பாலும் வானத்திலிருந்து விழுவதில்லை. நீதியுள்ள சட்டம், இரக்கமுள்ள வயற்காரன், பாத்திரம் இரவல் தரும் அயலார் ஆகியோரின் கைகள் வழியாக அவை வருகின்றன. கைகள் மூடிக்கொண்டால், நன்மை போய்ச் சேரவேண்டிய வீட்டில் பானை வெறுமையாகும். அவ்வெறுமைக்குக் கடவுளின் சித்தம் என்று பெயரிடுவதற்கு முன், மூடிய கை எது என்று கேட்பது நம் கடமை.

4. எங்களுக்கு இன்று

கர்த்தருடைய ஜெபத்தின் நான்காம் விண்ணப்பம் இவை யாவற்றையும் ஒரே வரியில் அடக்குகிறது (மத். 6:11, லூக். 11:3). அப்பத்தைச் சிறப்பிக்கும் 'எபியூசியொஸ்' என்னும் கிரேக்கச் சொல் மிக அரியது. இது சுவிசேஷகரே ஆக்கிய சொல்லாகத் தோன்றுகிறது என மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் கருதினார். எரோனிமுஸ் லத்தீனில் மொழிபெயர்த்தபோது, லூக்காவில் 'அன்றாட' என்றும் மத்தேயுவில் 'பொருளுக்கு மேற்பட்ட' என்றும் பொருள்படும் வெவ்வேறு சொற்களை வழங்கினார். எபிரெயரின் சுவிசேஷம் என்னும் நூலில் 'நாளைக்குரிய' என்னும் பொருள் தரும் சொல் இருந்ததாகவும் அவர் குறித்துள்ளார். பிழைப்புக்குத் தேவையான அப்பமா, வருகிற நாளின் அப்பமா என்னும் ஆய்வு இன்றும் தொடர்கிறது. எப்பொருளைக் கொண்டாலும் ஒன்று உறுதி: வேண்டுவது பல ஆண்டுகளுக்கான களஞ்சியம் அன்று, அளவான அப்பம். மன்னாவை உண்ட மக்களின் ஜெபம் இது.

'எங்களுக்கு' என்னும் பன்மையும் நோக்கத்தக்கது. என் வீட்டு அப்பத்திற்காக மட்டும் இந்த ஜெபத்தை ஏறெடுக்க இயலாது. இதை உச்சரிக்கும் வீடு, அடுத்த வீட்டின் அடுப்பையும் உடன் ஏறெடுக்கிறது.

மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், இவ்விண்ணப்பத்தின் அப்பம் என்பதனுள் உணவு, உடை, வீடு, நிலம், கால்நடை, நல்ல வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், நல்லாட்சி, நல்ல காலநிலை, சமாதானம், உடல்நலம், நம்பத்தக்க அயலார் ஆகிய யாவற்றையும் அடக்கினார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு இந்நூலைத் தமிழில் பெயர்த்தார். நல்ல அயலாரும் அன்றன்றைய அப்பத்தில் அடக்கம் என்னும் இவ்வுபதேசம், தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் தொடக்கம் முதல் நம்மிடம் உள்ளது. 1563ஆம் ஆண்டின் ஐடெல்பர்க் ஞானோபதேசமும் மழையோடு வறட்சியையும், நலத்தோடு நோயையும் சேர்த்தே தந்தையின் கரத்திற்குட்பட்டவை எனப் போதிக்கிறது. நன்மை மட்டுமே அவர் கரத்திலிருப்பதாகப் போதித்தால், துன்ப நாளில் மக்கள் அவருடைய கரத்திற்கு வெளியே விழுந்துவிட்டதாக எண்ணுவர்.

நீதிமொழிகள் 30:8இல் ஆகூர் வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம் எனக் கூறித் தனக்குரிய 'படி'யை வேண்டுகிறான். எபிரெயத்தில் இது விதிக்கப்பட்ட பங்கைக் குறிக்கும். நம் மொழிபெயர்ப்பாளர் இட்ட 'படி' என்னும் சொல்லோ அளவையையும் குறிக்கும், அன்றாட ஊதியத்தையும் குறிக்கும். கடவுளைப் படியளக்கிறவர் என்று நம் நாட்டார் சமய வேறுபாடின்றி வழங்குகின்றனர். இவ்வழக்கில் திருமறையின் பொருளுக்கு மிக நெருங்கிய உண்மை உண்டு. அளப்பவர் ஒருவர் இருக்கிறார். அளவு சிறிதாயினும் அது அவர் அறிந்து அளந்தது.

5. பானை வெறுமையாகும்போது

எனினும் வெறுமையான பானைகள் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுள் ஜெபித்தவர்கள் இல்லை என்று எவர் கூறுவர்? 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை கடல் வீடுகளுக்குள் புகுந்தது. கடற்கரைக்குச் செல்லத் தாமதித்ததால் பிழைத்தோர் உண்டு. அவர்கள் நன்றி செலுத்துவது முறையே. ஆனால் ஆலயத்திற்குச் சென்றவர்களும் அலையில் மாண்டனர். பிழைத்தவரின் சாட்சி மட்டுமே கடவுளின் அன்பிற்கு ஆதாரமாயின், மாண்டவரின் பெற்றோருக்கு நாம் சொல்ல எதுவும் இராது.

ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் கடவுளின் அன்பை நிறுவ, தம் வீட்டு நன்மைகளைப் பட்டியலிடவில்லை. சொந்தக் குமாரனைத் தப்பவிடாமல் ஒப்புக்கொடுத்த செயலைச் சுட்டுகிறார் (8:32). பின்னர், கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்கமாட்டாதவற்றின் பட்டியலில் பசியையும் நிர்வாணத்தையும் சேர்க்கிறார் (8:35). பசி பிரிக்கமாட்டாது எனில், பசியானது பிரிவின் அடையாளமும் அன்று. கடவுளின் இருதயத்தைச் சிலுவையில் அறிந்தோம். ஆதலின் பானையில் மா இருக்கும் நாளில் அதை அவர் கையிலிருந்து பெறுகிறோம். இல்லாத நாளில் அவரையே பற்றிக்கொள்கிறோம். இவ்வரிசை மாறினால், நன்மைகள் இறைவனுக்கு அடையாளமாவதற்குப் பதிலாக இறைவனுக்குப் பதிலாள் ஆகிவிடும்.

சிறு நன்மைகளை நினைவில் வைப்பதன் பயன் இங்கு விளங்கும். அவை நாளைய தினத்தை உறுதிசெய்வதில்லை. நாளைய தினத்தில் நம்மைச் சந்திப்பவர் யாரென்று நினைவூட்டுகின்றன. திருப்தியாயிருக்கக் கற்றுக்கொண்டதாகப் பவுல் சிறையிலிருந்து எழுதும்போது (பிலி. 4:11), கற்றல் என்னும் சொல்லையே வழங்குகிறார். நம்பிக்கை பிறவிக்குணம் அன்று. குறைவிலும் நிறைவிலும் நாள்தோறும் பயிலப்படுவது. அப்பயிற்சிக்கு இல்லமே முதற் பள்ளி.

6. ஆயர் பணிக்குச் சில ஆலோசனைகள்

முதலாவதாக, சாட்சி பகர்வோரைத் தடுக்கவேண்டுவதில்லை, நெறிப்படுத்தவேண்டும். கடவுள் இன்னது செய்தார் என்று நன்றி கூறுதல் வேறு. நான் இன்னது செய்ததால் கடவுள் இன்னது செய்தார் என்று கணக்குக் கூறுதல் வேறு. யார் கையால் நன்மை வந்தது என்பதையும் சொல்லுமாறு கேட்கலாம். அவ்வாறு கேட்கும்போது மாற்று மதத்தைச் சேர்ந்த அயலாரும், பெயரறியாத பேருந்து நடத்துநரும் நம் சாட்சிகளில் இடம்பெறுவர். சபையின் பார்வை விரிவடையும்.

இரண்டாவதாக, சாட்சி ஒலிக்கும் ஆராதனையில் புலம்பலுக்கும் இடம் வேண்டும். சங்கீதங்களில் நன்றிப் பாடல்களோடு புலம்பல்களும் திரளாக இருக்க, நம் ஸ்தோத்திர ஆராதனைகளில் அவை ஒலியாதிருப்பது ஏன்? அவ்வாண்டில் இழப்புற்ற குடும்பங்களுக்காக மௌனமாகவேனும் ஒரு பொழுது ஒதுக்கப்படுமாயின், கடைசி வரிசையிலிருப்போர் தாமும் அந்த ஆராதனைக்கு உரியவர்கள் என அறிவர்.

மூன்றாவதாக, குடும்ப ஜெபத்தில் அன்றைய தினத்தின் ஒரு நன்மையைப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கத்தை ஊக்குவிக்கலாம். காய்ச்சல் தணிந்தது, ஆசிரியர் பாராட்டியது, குழாயில் தண்ணீர் வந்தது போன்றவை போதும். 'இது என்ன?' என்று மன்னாவைக் கண்டு கேட்ட வினாவை இல்லந்தோறும் எழுப்பும் பயிற்சி இது. அன்று தண்ணீர் வராத தெருவை நினைப்பதும் அதே ஜெபத்தின் பகுதியாகவேண்டும்.

நான்காவதாக, பிடி அரிசி என்னும் பழைய பக்தி முறையின் பொருளை மீட்கவேண்டும். உலையிலிடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பது நம் தாய்மார் பலர் கைக்கொண்ட வழக்கம். மிசோரம் திருச்சபையில் 1910ஆம் ஆண்டளவில் தொடங்கிய இத்தகைய கைப்பிடி அரிசிக் காணிக்கை, இன்றும் அச்சபையின் ஊழியங்களைத் தாங்கிவருகிறது. இது மிஞ்சியதிலிருந்து கொடுப்பது அன்று. சமைக்கும் முன்பே எடுத்து வைப்பது. சாறிபாத் தாயின் பானையும் போவாசின் வேலைக்காரர் சிந்திய கதிரும் இச்செயலில் ஒன்றாகின்றன. அக்கலயத்து அரிசி, சபையில் அன்று அடுப்பெரியாத வீட்டிற்கே முதலாவது சென்று சேருமாயின் அவ்வழக்கம் தன் பொருளை முழுமையாக அடையும்.

ஐந்தாவதாக, துக்க வீட்டிற்குச் செல்லும்போது எலியாவின் முறையைப் பின்பற்றுவோம். பெற்ற நன்மைகளை நினைப்பூட்டும் வேளை அது அன்று. பிள்ளையைக் கையில் ஏந்தும் வேளை. விடை கூற விரையாது, அவ்வீட்டின் கேள்வியை நம் ஜெபமாக்கி இறைவனிடம் கொண்டுசெல்வதே அப்பொழுது நமக்குரிய ஊழியம்.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் செல்லவிருக்கும் குருசேகரங்களில் குறைந்த வருவாயில் குடும்பத்தை நடத்தும் உபதேசிமாரையும், கூலிவேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விதவைகளையும் காண்பீர்கள். தேவ பராமரிப்பு என்னும் பாடத்தைப் பற்றி நூலகத்தில் கற்றவற்றை அவர்களிடம் எடுத்துரைக்குமுன், அவர்கள் பானையருகே சிறிது நேரம் அமர்ந்திருங்கள். அங்கே ஒரு பிடி இருந்தால் அவர்களோடு நன்றி செலுத்துங்கள். இல்லையெனில், அந்நாளின் அப்பம் உங்கள் கை வழியாக வரவேண்டியதாயிருக்கலாம்.